வாசற்படியிலிருந்து புறப்படும் நீர்

(நவம்பர் 9, இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழாவன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. வாசகங்கள்: எசேக்கியேல் 47:1-2, 8-9, 12, யோவான் 2:13-22)



உரோமையில் இருக்கும் ஒரு பேராலயத்தின் நேர்ந்தளிப்பை மரக்காணத்து மணலில் உட்கார்ந்திருக்கும் நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனால் இந்த விழாவுக்குத் திருஅவை தேர்ந்திருக்கும் முதல் வாசகத்தைக் கேட்டால், நமக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. வெளியே ஐப்பசி மழை. உள்ளே வாசகமும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறது.

கோவிலின் வாயிற்படிக்குக் கீழிருந்து நீர் சுரந்து கிழக்கே ஓடுவதை இறைவாக்கினர் எசேக்கியேல் காண்கிறார். ஆயிரம் முழம் போனதும் கணுக்கால் அளவு, இன்னும் ஆயிரம் முழத்தில் முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு. அதற்கப்பால் நீந்தித்தான் கடக்க முடியும். அந்த நீர் சாக்கடலில் போய் விழுகிறது. ஒரு மீனும் வாழாத அந்தக் கடல் நல்ல நீராகிறது, மீன்கள் பெருகுகின்றன, கரையில் மரங்கள் தழைக்கின்றன.

இன்றைய வாசகத்தில் 10, 11 வசனங்கள் இல்லை. தவக்காலத்தில் இதே பகுதி வாசிக்கப்படும்போதும் அந்த இரண்டையும் விட்டுவிடுகிறோம். வீட்டுக்குப் போனதும் திருவிவிலியத்தைத் திறந்து அவற்றைப் படியுங்கள். ஒன்றில் மீனவர்கள் கரையில் வலை உலர்த்துகிறார்கள். மற்றதில் ஓர் ஆச்சரியம்: எல்லாவற்றையும் நன்னீராக்கும் அந்த ஆறு, சேற்று நிலங்களையும் சதுப்புகளையும் மட்டும் மாற்றாமல் விட்டுவிடுகிறது. உப்புக்காக! ஆலயப் பலிக்கு உப்பு வேண்டும், மக்களின் அடுப்படிக்கும் உப்பு வேண்டும். உலகையே புதுப்பிக்கும் கடவுள் உப்பளக்காரனின் பாத்தியை மறக்கவில்லை. வாசக நூலைத் தொகுத்தவர்கள் ஒருமுறை நம் ஊருக்கு வந்திருந்தால் இந்த வசனத்தை விட்டிருக்க மாட்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

கோவில் வாசற்படியிலிருந்து புறப்பட்ட நீர் போகும் இடமெல்லாம் உயிர் கொடுத்தது. நம் வாசற்படியிலிருந்து புறப்படும் நீர் எங்கே போகிறது, போகும் வழியில் என்ன செய்கிறது?

மழை நம் கூரையில் விழும்போது ஏறக்குறையச் சுத்தமான நீர். தரையைத் தொட்ட பிறகு அது எதைத் தொடுகிறதோ அதையெல்லாம் சுமக்கிறது. தெருவில் சொட்டிய வண்டி எண்ணெய், மாட்டுச் சாணம், வயலில் அடித்த மருந்து, டீக்கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கப் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன. பல மாதம் வெயிலில் காய்ந்த தெருவில் பெய்கிற முதல் மழைதான் அதிக அழுக்கு. மண்ணும் புல்லும் குளமும் இருந்தால் அந்த நீர் ஊறும், தங்கும், தெளியும். எல்லாம் சிமெண்ட் என்றால் அந்த அழுக்கோடு நேரே ஓடும்.

லண்டன், பாரிஸ் போன்ற பழைய நகரங்களின் பெரும்பகுதியில் மழைநீரும் கழிப்பறை நீரும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழை வந்தால் இரண்டும் கலந்து ஆற்றில் வழியும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் இதைக் குறைக்க 2011இல் 25 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பூமிக்குள் இன்னும் பெரிய குழாய்களைப் புதைப்பதை மட்டும் நம்பாமல், தெருவோர மரக்குழிகளிலும் தோட்டங்களிலும் மழையை மண்ணுக்குள் இறக்குவதே அதன் முக்கிய வழி. நம் சென்னையிலோ ஏட்டளவில் இரண்டும் தனித்தனி. மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடம். கழிவுநீரைச் சுத்திகரிக்கக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் எத்தனையோ வீடுகளும் கடைகளும் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் இணைத்துவிடுகின்றன. மழையே இல்லாத சித்திரை மாதத்திலும் மழைநீர் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடினால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவா வேண்டும்?

அந்த வடிகால்களில் பல கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் போய்ச் சேர்கின்றன. தென்சென்னையின் வெள்ளத்தைத் தாங்கி, தேக்கி, தெளியவைத்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகத்தான் நீர் கால்வாய்க்குப் போகும். அந்தச் சதுப்பின் பெரும்பகுதியை வீடுகளும் அலுவலகங்களும் நகரத்தின் குப்பைமேடும் எடுத்துக்கொண்டன. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கத்து மக்கள் மாடியில் நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள். மிச்சமிருக்கும் சதுப்பு 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

சென்னைக் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் தொடங்கி, சென்னையை ஊடுருவி, சுமார் 420 கிலோமீட்டர் வரும் பக்கிங்ஹாம் கால்வாய் எங்கே முடிகிறது? நம் மரக்காணத்தில். அந்தக் காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இந்தக் கால்வாயில்தான் சென்னைக்குப் போயின. சென்னையின் சாக்கடை அப்படியே நம் பாத்திக்கு வந்துவிடுகிறது என்று சொன்னால் அது பொய். வழியில் முட்டுக்காட்டிலும் பாலாற்று முகத்திலும் நீர் கடலுக்குள் போய்விடுகிறது. ஆனால் நம் கழியைக் கெடுக்க சென்னை தேவையில்லை. நம் பேரூராட்சித் தெருக்களும், கடற்கரைச் சாலையில் வரிசையாக முளைக்கும் விடுதிகளும், நம் வீடுகளும் போதும்.

மேற்கே திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர் கழுவெளிக்கு வருகிறது. அங்கிருந்து கழி வழியாக இடையன்திட்டு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடம் அது. தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. அறிவிப்புப் பலகை வைத்தாகிவிட்டது, நல்லது. ஆனால் அந்த நீரில் பறவைகள் மட்டும் நிற்கவில்லை. இருளர் இன மக்கள் வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். எசேக்கியேல் நின்றதுபோலவே கணுக்கால், முழங்கால், இடுப்பு வரை. நம் வாசற்படியிலிருந்து போகும் நீர் முதலில் தொடுவது அவர்கள் தோலை.

2024 நவம்பர் 30 இரவை நாம் மறக்கவில்லை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. நம் உப்பளங்கள் எங்கே, கழி எங்கே என்று தெரியாத ஒரே வெள்ளக்காடு. மழை உப்புத் தொழிலை நிறுத்தும் என்பது நமக்குத் தெரிந்ததே. அதற்காகத்தான் அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. ஆனால் நீர் வடிந்த பிறகு பாத்தியில் கிடந்ததைத் தை மாதத்தில் குனிந்து பொறுக்கியவர்கள் நம் உப்பளப் பெண்கள். பால் கவர், ஷாம்பு பாக்கெட், மாத்திரை அட்டை. இவை கடலின் குப்பை அல்ல, வாசல்களின் குப்பை. பொறுக்கி எடுக்க முடியாதது உப்போடு தங்கிவிடும். கடையில் விற்கும் உப்பிலேயே கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் கண்டறிந்தார்கள். நாம் வடிகாலில் எறிந்தது நம் குழம்புக்கே திரும்பி வருகிறது.

இங்கே எங்கள் பக்கத்துக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முன்பு நாங்கள் பணியாற்றிய பங்கு ஒன்றில் ஒரு மழை நாளில், கோவிலுக்குப் பின்புறம் குடியிருந்த ஒரு தாய் வந்து நின்றார். "சாமி, உங்க வீட்டுத் தண்ணிதான் எங்க வீட்டுக்குள்ள வருது" என்றார். நாங்கள் நம்பவில்லை. மழை நின்றதும் மூடியைத் திறந்து பார்த்தோம். குருக்கள் இல்லத்தின் சமையலறை நீரும், கழிவுத் தொட்டியின் வழிநீரும் யாரோ என்றோ போட்ட குழாய் வழியாக மழைநீர் வடிகாலில் விழுந்துகொண்டிருந்தன. ஆண்டுக்கணக்காக நாங்கள் மேலே திருப்பலி நிறைவேற்றினோம். கீழே எங்கள் அழுக்கு அவர் அடுப்பங்கரைக்குப் போனது. குழாயை அடைத்து, புதுத் தொட்டியும் உறிஞ்சுகுழியும் கட்டத் திருவிழாவின் சீரியல் விளக்குச் செலவை எடுக்க வேண்டியிருந்தது. பங்குப் பேரவையில் சண்டையே வந்தது. "சாக்கடைக்காகத் தேரை இருட்டாக்குவதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்குக் கோபம் அன்று தணியவில்லை. அந்த ஆண்டு தேர் கொஞ்சம் இருட்டாகத்தான் போனது.

இன்றைய நற்செய்தியில் இயேசு கோவிலுக்குள்ளிருந்துதான் தூய்மையாக்கத் தொடங்குகிறார், ஊருக்குள் இருந்து அல்ல. மாநகராட்சியும் பேரூராட்சியும் செய்ய வேண்டியது நிறைய உண்டு. அதைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் தெளிவாகவே எழுதினார். கிராமசபையிலும் வார்டு கூட்டத்திலும் நாம் எழுந்து கேட்க வேண்டும். கேட்கப் போகுமுன் நம் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

கூரையையும் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, குழி தூர்ந்துவிட்டது. நம் கடற்கரை மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடுபோல் மிதக்கிறது. மழையை இறக்கினால் அந்த ஏடு தடிக்கும். இறக்காமல் மோட்டார் போட்டு உறிஞ்சினால் கிணற்றில் கரிப்பு ஏறும். இதை உங்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை, உங்கள் வீட்டுக் குடத்திலேயே சுவைத்திருப்பீர்கள்.

இந்த வாரம் அன்பியக் கூட்டங்களில் வாசகத்தோடு இன்னொன்றும் செய்வோம். மழை விட்ட ஒரு மாலையில், கூடும் வீட்டு வாசலிலிருந்து வடிகாலைப் பின்தொடர்ந்து கழி வரை நடப்போம். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த வீட்டுக் குழாய் எங்கே விழுகிறது என்று அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும். குருக்கள் இல்லத்தின் மூடியையும் திறந்து வைக்கிறோம், வந்து பாருங்கள்.

ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.