விடுப்புக்கு ஒப்புதல் தருபவர் யார்?

(செடெனாக் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



இருள் பிரியுமுன் வெட்டுக்குச் சென்று, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய வேளையில் நீங்கள் இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் செய்திக்கு வந்துவிடுகிறேன்.

சென்ற முறை நான் வந்திருந்தபோது ஒரு தாயார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். செடெனாக்கில் செம்பனையும் பால்மரமும் நின்ற பக்கத்தில் இன்று தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன அல்லவா? அவற்றுள் ஒன்றில் அவருடைய மகன் வேலை செய்கிறார். "ஐயா, என் பையன் லீவு கேட்க ஆபீசுக்கே போவதில்லை. கைத்தொலைபேசியில் எழுதிப் போடுகிறான். அவனுடைய மேற்பார்வையாளர் அதிலேயே சரி என்று சொல்லிவிடுகிறார். தோட்டத்திற்கும் இது வந்தால் நமக்கு நல்லதா, கெட்டதா?" என்றார்கள். அன்று அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். இன்று முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

அந்த முறை நடப்பது இவ்வாறுதான். தொழிலாளி வேண்டிய நாளைக் குறித்து விண்ணப்பிக்கிறார். விண்ணப்பம் தலைமை அலுவலகத்திற்குப் போகாமல், அன்றாடம் அவரை வேலை வாங்கும் மேற்பார்வையாளரிடம் போகிறது. விண்ணப்பித்தவருக்கு எத்தனை நாள் விடுப்பு மீதமிருக்கிறது, அதே நாளில் வேறு யார் கேட்டிருக்கிறார்கள் என்பன அவர் கண்முன் தோன்றும். அவர் ஒப்புதல் தரலாம், மறுக்கவும் செய்யலாம். அவரே விடுப்பில் இருந்தால் விண்ணப்பம் அடுத்தவரிடம் போகும்படி அமைத்துவிடலாம். யார், எந்த நாள், எந்த மணிக்கு முடிவு செய்தார் என்பது கணினியில் பதிவாகிவிடுகிறது. அரசாங்க ஊழியனாகிய நானும் எச்.ஆர்.எம்.ஐ.எஸ். என்னும் இத்தகைய முறை ஒன்றின் வழியாகத்தான் விடுப்புக் கேட்கிறேன். விண்ணப்பத்தை எழுதிவிட்டு மேலதிகாரியின் முடிவுக்காகக் காத்திருக்கும் அனுபவம் எனக்கும் உண்டு!

மேற்பார்வையாளரிடமே அந்த உரிமையை ஏன் கொடுக்கிறார்கள்? எந்த நிரையில் இன்று ஆள் குறைவு, எவரை மாற்றாளாக அனுப்பலாம் என்பது தொலைவில் அமர்ந்திருக்கும் அலுவலருக்குத் தெரியாது, மண்டோருக்குத் தெரியும். ஆனால் தோட்டத்து மக்களாகிய நமக்கு இதில் ஓர் அச்சம் எழுவது இயல்பே. கங்காணி காலத்தை நம் பாட்டன்மார் மறக்கவில்லை. ஆளைக் கூட்டி வந்தவரும், வேலை வாங்கியவரும், பல இடங்களில் கடன் கொடுத்தவரும் அவர் ஒருவரே. 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதித்ததோடு கங்காணி வழி ஆள் சேர்ப்பு நின்றது; ஒரே மனிதரின் முகத்தைப் பார்த்து வாழும் பழக்கம் அவ்வளவு விரைவில் நின்றுவிடவில்லை.

என் தந்தையாரும் பால்மரம் வெட்டியவர்தாம். நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, வேறொரு தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டியார் இறந்துவிட்டதாக இரவில் செய்தி வந்தது. தந்தையார் மண்டோர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னார். "போய் வா அண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர். காரியங்களை முடித்து நான்காம் நாள் பெரட்டுக்குத் திரும்பினால், செக்ரோலில் மூன்று நாளும் ஆப்சென்ட்! கேட்டபோது மண்டோர் தலை குனிந்து நின்றார். தாம் அனுமதித்ததாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் கெட்டவர் அல்லர். அதே நாளில் இன்னொருவரையும் அனுப்பியிருந்ததால் மேலிடத்துக்கு அஞ்சிவிட்டார். "போ" என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது. அதற்கான அதிகாரம் எழுத்தில் இல்லை. என் தந்தையார் கூலியை இழந்தார். வேலையையும் இழக்க இருந்து, சங்கத்துத் தலைவர் ஒருவரின் முயற்சியால் தப்பினார். அம்மாதம் கடைக்காரர் கணக்கைக் கட்ட முடியாமல் என் தாயார் பட்ட பாட்டை நான் அறிவேன்.

வேலை போகும் நிலை எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, முன் அனுமதியும் தகுந்த காரணமுமின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாள்களுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார் என்கிறது. காரணம் இருந்தாலும், முடிந்த விரைவில் முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். முயன்றதை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? வாய்ச்சொல்லைக் கொண்டு மெய்ப்பிப்பது எளிதன்று. கைத்தொலைபேசி முறையின் பெரும் பயன் இங்கேதான் இருக்கிறது. அது தொழிலாளியைக் காப்பதோடு, மனமிரங்கி அனுமதி தரும் மண்டோரையும் காக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் ஒப்புதல் தருவது எந்த நாளில் போகலாம் என்பதற்கே. விடுப்பு என்பது அவர் கையிலிருந்து வரும் தருமம் அன்று. இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்டவருக்கு 12 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பைச் சட்டமே குறைந்த அளவாக வகுத்துள்ளது. வார ஓய்வு நாளும் பொது விடுமுறைகளும் இதில் சேரா. நோய்க்கான விடுப்பு வேறு: முறையே 14, 18, 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 சனவரி முதல் இது நோய் விடுப்போடு கூட்டிக் கழிக்கப்படுவதில்லை. நோய்க்கு ஒப்புதல் தருபவர் மருத்துவரே, மண்டோர் அல்லர். ஆனால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை நம்முடையது. காய்ச்சலில் படுத்திருப்பவர் எழுத முடியாவிட்டால் மகனோ மகளோ எழுதி அனுப்பலாம்.

கணினி வந்துவிட்டால் ஓரவஞ்சனை ஒழிந்துவிடுமா? ஒழியாது. தீபாவளிக்கு மறுநாள் பத்துப் பேர் கேட்டால், தம் மைத்துனருக்கு முதலில் ஒப்புதல் தரும் மண்டோர் கணினியிலும் அதையே செய்வார். எனினும் யார் முதலில் கேட்டார், யாருக்குக் கிடைத்தது என்பதை அதில் எடுத்துப் பார்க்க முடியும். பழைய பெரட்டுக் களத்தில் அதற்கு வழியில்லை. ஆகவே இம்முறை நம் தோட்டத்துக்கு வருமானால், மறுப்புக்குக் காரணம் எழுதப்பட வேண்டும், மறுக்கப்பட்டவர் நிர்வாகியிடம் முறையிட வழி வேண்டும் என்று சங்கத்தின் வாயிலாக இப்போதே கேளுங்கள். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுதிக் கேட்டால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் விடையளித்து, மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும் என்று 2023 முதல் சட்டம் கூறுகிறது. விடுப்புக்கும் அவ்வழக்கத்தைக் கேட்பது மிகையாகாது.

எழுத்தறியாத முதியவர்களையும், நம்மோடு வெட்டும் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்காகக் கிராணி விண்ணப்பத்தைப் பதிந்து, ஒரு நகலைக் கையில் கொடுக்க வேண்டும். விளைச்சல் குன்றும் இலையுதிர் காலத்தில் நாளைக் குறித்துக் கேட்டால் ஒப்புதல் எளிதாகக் கிடைக்கும் என்பதை அனுபவமுள்ள வெட்டுக்காரர்கள் அறிவார்கள். புதியவர்களுக்கும் அதைச் சொல்லுங்கள். விடுப்பை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் உரிமை போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில், எடுப்பதில்லை என்று நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அதற்குப் பணம் பெறலாம்.

கைத்தொலைபேசி முறை வரும்வரை, சிறு குறிப்பேடு ஒன்று போதும். கேட்ட நாள், வேண்டிய நாள், மண்டோரின் கையொப்பம், இம்மூன்றும் அதில் இருக்கட்டும். தொழிலாளர் இலாகாவிடம் புகார் செய்யும் முறையை விளக்கும் தாள்களைக் கொண்டு வந்திருக்கிறேன். மலாயில் இருக்கின்றன, படித்துச் சொல்ல வேண்டுவோர் மேசைக்கு அருகில் வாருங்கள்.