ஒப்பந்தம் பல்கலைக்கழகத்துக்கு, செலவு யாருக்கு?



பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கையெழுத்திடும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் படங்களை நாளேடுகளில் பார்க்கிறோம். துணைவேந்தர்கள் கைகுலுக்குகிறார்கள், பின்னால் இரண்டு கொடிகள். அந்த ஒப்பந்தத்தால் விமானம் ஏறப்போகிற மாணவர் யார்? அவருடைய செலவை யார் கொடுப்பார்? இந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

மாணவர் பரிமாற்றத்தில் வழக்கமான ஏற்பாடு இதுதான்: சொந்தக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டினால் போதும், வெளிநாட்டில் கல்விக் கட்டணம் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விமானக் கட்டணம், விசா, மருத்துவக் காப்பீடு, வாடகை, சாப்பாடு எல்லாம் மாணவர் தலையில். ஜெர்மனிக்குப் போக, முழு உதவித்தொகை இல்லாதவர் மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கில் வங்கியில் பணத்தை முன்கூட்டியே கட்டிக் காட்ட வேண்டும். ஐந்து மாதப் பருவத்துக்குச் சுமார் 5 லட்சம் ரூபாய். கூலி வேலை செய்யும் குடும்பம் இதை எங்கே போய்ப் புரட்டும்?

"போய் வந்து ரசீது கொடுங்கள், திருப்பித் தருகிறோம்" என்பார்கள். இது உதவி அல்ல, வடிகட்டி. முன்பணம் போட வசதி உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் உதவி அது. அந்த வசதி இந்த நாட்டில் யாரிடம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி தேர்வுப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். பயணச்சீட்டுக்குப் பணம் புரளவில்லை. இரண்டாம் இடத்தில் இருந்தவர் போனார். கோப்பில் "விருப்பமின்மையால் விலகினார்" என்று எழுதிக்கொண்டார்கள்.

எந்தக் கல்லூரி என்பதும் ஒரு வடிகட்டி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டம் வழங்க யுஜிசி 2022-இல் விதி வகுத்தது. நாக் மதிப்பீட்டில் 3.01 புள்ளி, அல்லது என்ஐஆர்எஃப் பட்டியலில் முதல் 100 இடம், அல்லது உயர்சிறப்பு நிறுவனத் தகுதி வேண்டும் என்றது. ஆசிரியர் பணியிடங்களைக் காலியாகவே வைத்திருக்கும் அரசுக் கல்லூரி அந்தப் புள்ளியை எப்படி எட்டும்? முதல் தலைமுறைப் பட்டதாரிகள் படிப்பது அங்கேதானே?

1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை கொடுத்ததால் அம்பேத்கர் கொலம்பியா போனார். 1916-இல் அங்கே ஒரு கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்று ஆய்வுரை படித்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததும், 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப வேண்டியிருந்தது. மறுபடி போக 1920 ஆனது. பணம் நின்றால் அம்பேத்கரின் படிப்பே நிற்கும் என்றால், மற்றவர் கதி என்ன?

நூறாண்டுக்குப் பிறகு ஒன்றிய அரசு என்ன செய்தது? பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இடமில்லை என்று 2022-இல் விதி போட்டது. அந்த விதிப்படி அம்பேத்கரின் 1916 ஆய்வுரைத் தலைப்பே தகுதி பெறாது. 2025-இல் 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் தற்காலிக ஆணை கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சேர்க்கை நாளைத் தள்ளிவைத்துக் காத்திருக்குமா?

தோழர்களே, வெளிநாட்டுத் தொடர்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாதியை உலக அரங்கில் பேச நம் பிள்ளைகள் போயே ஆக வேண்டும். அதனால் உங்கள் கல்லூரி அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பயணப் பணம் புறப்படும் முன்பே மாணவர் கையில் வருமா? பரிமாற்ற இடங்களில் இட ஒதுக்கீடு உண்டா? இதுவரை போனவர்களின் சமூகவாரிக் கணக்கை வெளியிடுவீர்களா? எதை ஆராய்வது என்பதை மாணவரே முடிவு செய்யலாமா?

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்துப் பேராகச் சேர்ந்து போடுங்கள்.

ஜெய் பீம்!