தொலைந்தது மிதிவண்டி மட்டுமல்ல



தோவாளையிலிருந்து வரும் பிளஸ் ஒன் மாணவி ஒரு மாலை, "சாரே, வண்டியக் காணல" என்று அழுதபடி வந்தாள். அரசு தந்த விலையில்லா மிதிவண்டி. விடியலில் அம்மாவோடு பூச்சந்தைக்கும் பிறகு பள்ளிக்கும் அவளுக்கு அதுவே துணை.

நான் அவசரப்பட்டேன். முன்பு பேனா எடுத்துப் பிடிபட்ட மாணவனை வகுப்பின் முன் நிறுத்தி விசாரித்தேன். அந்நேரம் அவன் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தான் என்று உடற்கல்வி ஆசிரியர் பின்னர் சொன்னார். மறுநாள் அவன் வரவில்லை. வீடு தேடிப்போய் அழைத்துவந்து, அதே வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன்.

காவல் நிலையத்தில் முதலில் கேட்டது பிரேம் எண். எங்களிடம் இல்லை. ஒரே நிறத்தில் அத்தனை வண்டிகள். எதை அடையாளம் காட்டுவது? வண்டி கிடைக்கவே இல்லை.

இப்போது வண்டி வழங்கும் நாளிலேயே, அதில் பொறித்துள்ள எண்ணைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தொலைந்தால் புகார் கொடுத்து ரசீது வாங்கச் சொல்கிறேன்.

5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால், சமூக சேவையே தண்டனை என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு. திருடியவருக்கே சட்டம் வழி விடுகிறது. திருடாத பிள்ளையை நாம் தலைகுனிய வைக்கலாமா?