இலவசம் என்றால் கணக்குக் கேட்கக் கூடாதா?

(கடம்பத்தூர் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடம்பத்தூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். ரோட்டைக் கடந்தால் எதிரே பெரியாஸ்பத்திரி. காக்களூர்த் தொழிற்பேட்டைத் தொழிலாளியும், கூடை சுமக்கும் பெண்ணும், கடைவீதியில் கைதட்டிப் பிழைக்கும் திருநங்கையும் ஒரே பெட்டியில்தான் போகிறோம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அந்தத் திருநங்கையின் பாடு தனிப்பாடாகி விடுகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

“சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எதற்கு?” என்று ஓரிரு தோழர்கள் கேட்டார்கள். கேட்கட்டும். பாடுபட்டுச் சேர்த்த காசை வைத்தியத்துக்குக் கொடுத்து ஏமாந்து நிற்பவர் யாராயிருந்தாலும் அவர் நம்மவர். அது மட்டுமல்ல, அவரைத் தடுக்கிற சட்டச் சுவர் ஒன்று இருக்கிறது. அதே சுவர் நம்மையும் தடுக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஆணாய்ப் பிறந்ததாக எழுதப்பட்டு, பெண்ணாய் வாழ்கிறவர் திருநங்கை. அதற்கு மறுபுறம் திருநம்பி. இது மனநோய் அல்ல என்று உலக சுகாதார ஸ்தாபனமே 2019-ல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தி விட்டது. உடலைத் தம் வாழ்வுக்கு ஏற்ப மாற்றிக் கொள்ள அவர்களில் பலர் ஹார்மோன் மருந்து எடுக்கிறார்கள், அறுவை சிகிச்சை செய்து கொள்கிறார்கள். அந்தச் சமூகத்தார் அதை “நிர்வாணம்” என்பார்கள். ஒரு காலத்தில் மூத்த திருநங்கையின் கத்திதான் டாக்டர்; பிழைத்தால் உண்டு. 2008-ல் தமிழ்நாடு, நாட்டிலேயே முதலாவதாக அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாக அறுவை சிகிச்சை செய்யும் ஏற்பாடும் வந்தது. போராடிப் பெற்ற நல்ல காரியம் அது; குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் அங்கே வரிசை பெரிது. பொறுக்க முடியாதவர் வட்டிக்கு வாங்கிக் கொண்டு தனியாரிடம் ஓடுகிறார். அங்கே என்ன நடக்கிறது? எங்களிடம் வந்த ஒரு திருநங்கையின் கையில் இருந்தது ஒரே ஒரு துண்டுச் சீட்டு. பல தவணைகளில் ரொக்கமாகக் கட்டியிருக்கிறார், ரசீது கிடையாது. சிறுநீர்ப் பாதை சுருங்கி வலியில் துடித்துத் திரும்பிப் போனால், “அது வேறு ஆபரேஷன், வேறு பணம்” என்றார்களாம். இந்த அறுவை ஒரு நாள் வேலை அல்ல, தோழர்களே. உருவாக்கிய உறுப்பு மூடிக் கொள்ளாமல் மாதக்கணக்கில் பராமரிக்க வேண்டும். சிறுநீர்ப் பாதையைக் கவனிக்க வேண்டும். ஹார்மோன் எடுப்பவருக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்துச் சொன்னால்தான் விலை. வாசலில் ஒரு விலை, படுக்கையில் ஒரு விலை என்றால் அதற்கு வியாபாரம் என்று கூடப் பெயர் வைக்க முடியாது!

கேரளத்தில் அனன்யா குமாரி அலெக்ஸ் என்று ஒருவர். அந்த ராஜ்யத்தின் முதல் திருநங்கை வானொலி அறிவிப்பாளர். 2021-ல் சட்டசபைத் தேர்தலில் மனுப் போட்டவர். 2020-ல் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை செய்து கொண்டார். ஓராண்டு கழிந்தும் நெடுநேரம் நிற்க முடியவில்லை, வலி தீரவில்லை, வைத்தியத்தில் பிழை நடந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆஸ்பத்திரி மறுத்தது. 2021 ஜூலை 20-ந் தேதி கொச்சியில் தம் இருப்பிடத்தில் அவர் பிணமாகக் கிடந்தார். அதன் பிறகே சர்க்கார் விசாரணைக்கு உத்தரவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வீடு தேடி வந்த ஒருவருக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாதவர்களின் கதியை எண்ணிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? காசு வாங்கிக் கொண்டு செய்கிற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2019-ல் வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆஸ்பத்திரி சென்னையில் இருந்தாலும் கொச்சியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவள்ளூர் ஆணையத்திலேயே பிராது கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், அதை மறக்காதீர்கள். கேஸ் கட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. வாயால் கேட்டால் சிரிப்பார்கள், எழுதிக் கேளுங்கள்.

கையெழுத்து விஷயம் இன்னும் முக்கியம். தில்லியில் ஒரு பெண்ணைப் பரிசோதனைக்கென்று மயக்கி, தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கொண்டு கருப்பையை எடுத்து விட்டார்கள். 2008-ல் சுப்ரீம் கோர்ட், வயது வந்தவரின் உடலுக்கு அவர் சம்மதமே சம்மதம், பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்கு ஆகாது என்றது. வீட்டை விட்டுத் துரத்திய தகப்பனாரின் கையெழுத்தைக் கொண்டு வா என்று திருநங்கையை அலைக்கழிக்கிறவர்களிடம் இதை எடுத்துக் காட்டுங்கள். தெரியாத பாஷையில் அச்சடித்த தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

இனி அந்தச் சுவருக்கு வருவோம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாக வைத்தியம் செய்கிற ஆஸ்பத்திரியின் நோயாளி “நுகர்வோர்” அல்லவாம்! 1995-ம் வருஷத்து அதே தீர்ப்பு சொன்னது இது. ஜனங்கள் வரி கட்டுகிறார்களே என்று வாதாடிய போது, வரி என்பது வைத்தியத்துக்குக் கொடுத்த கூலி ஆகாது என்று கோர்ட் தள்ளி விட்டது. தீப்பெட்டி வாங்கினாலும் வரி கொடுக்கிறோம். அது கணக்கில் சேராதாம். பணம் கட்டியவனுக்கு ஆணையம், பணமில்லாதவனுக்குக் கும்பிடு! அப்படிப்பட்ட இலவச ஆஸ்பத்திரியில் அறுவை செய்து கொண்ட திருநங்கைக்கும், பிரசவத்துக்குப் போன நம் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே கதவுதான் அடைபட்டிருக்கிறது.

இ.எஸ்.ஐ. தொழிலாளிக்குக் கதவு திறந்தது. சந்தா கட்டுவதால் அது இலவசம் ஆகாது என்று 2007-ல் தீர்ப்பு வந்தது. ஆகவே ஆலைகளில் வேலை செய்யும் திருநங்கைத் தோழர்களை இ.எஸ்.ஐ. புத்தகத்தில் சேர்க்கச் சொல்லி நாம் வற்புறுத்துவது வெறும் மனிதாபிமானம் அல்ல. கான்ட்ராக்டர் பெயரை விட்டு விட்டால் வைத்தியமும் போயிற்று, பிராது கொடுக்கும் உரிமையும் போயிற்று.

சந்தா இல்லாதவர் என்ன செய்வது? வங்காளத்தில் 1992-ல் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியைக் கல்கத்தா சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. அவருடைய விவசாயத் தொழிலாளர் சங்கம் சும்மா இருக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிற்று. அவசர சிகிச்சை தர மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996-ல் தீர்ப்பு. 25,000 ரூபாய் நஷ்ட ஈடு. தனி ஆளாய்ப் போயிருந்தால் அவரை யார் உள்ளே விட்டிருப்பார்கள்?

திருநர் உரிமைச் சட்டத்தை 2019-ல் பார்லிமென்ட் நிறைவேற்றிய போது அதன் 15-ம் பிரிவில் அறுவை, ஹார்மோன், ஆலோசனை, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் எழுதினார்கள். குறை நேர்ந்தால் ஏழை எந்த வாசலில் நிற்பது என்பதை அங்கே எழுதவில்லை. இலவச ஆஸ்பத்திரி நோயாளிக்கும் ஆணையத்தில் இடம் கொடு என்று கேட்டுத் தீர்மானம் ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறோம். இந்தக் கூட்டம் அதை ஏற்க வேண்டும்.

அதற்கிடையில், ரசீது, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் காகிதம், எது கையிலிருந்தாலும் கிழிக்காமல் எடுத்துக் கொண்டு சாயங்காலம் சங்க ஆபீஸுக்கு வாருங்கள். பிராது எழுதத் தெரிந்த தோழர்கள் இருக்கிறார்கள். பெயரை எப்படி எழுதச் சொல்கிறீர்களோ அப்படியே எழுதுவோம்.