கொம்பனித்தெருவில் கற்ற பாடம்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

மருத்துவ பீடத்துக்குத் தெரிவானபோது, வாப்பா என்னை மடவளையிலிருந்து கொழும்புக்குக் கூட்டிச் சென்று, கொம்பனித்தெருவில் ஒரு மலாய் வீட்டில் தங்க வைத்தார். எல்லோரும் நம்மவர்களாகவே இருந்த ஊரில் வளர்ந்த எனக்கு அது புதிய உலகம்.

ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்க அடிமைகளை அடைத்துவைத்த இடம் அது. அதனால்தான் ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்ற பெயர் வந்தது. பின்னர் மலாய்ப் படைவீரர்கள் அங்கே குடியிருந்தார்கள். அவர்களது படையணி 1873இல் கலைக்கப்பட்டது; ஆனால் ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா ஒழுங்கை என்று பெயர்கள் நிலைத்துவிட்டன. 1786இல் தோன்றிய வேகந்த பள்ளிவாசல், சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், செபமாலை மாதா தேவாலயம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில்தான்.

ஓரிரவு வீட்டுக்கார அன்ட்டிக்கு மூச்சுத் திணறியது. மூன்றாம் வருட மாணவியான நான் கைகால் நடுங்க நின்றேன். எதிர்வீட்டுச் சிங்கள அங்கிள் முச்சக்கரவண்டியை எடுத்தார். பக்கத்துத் தமிழ் அக்கா அன்ட்டியைத் தாங்கிப் பிடித்தபடி ஏறினார். மருந்துகள் எந்த லாச்சியில் இருக்கின்றன என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. அன்ட்டி பிழைத்தார். எந்தப் பாடநூலும் சொல்லாத முதலுதவியை அன்று கண்டேன்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கம் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஊரடங்கு இரவில் என் தொலைபேசி ஒலித்தது. "துவே, ஒயாலா ஹொந்தின்த?" மகளே, நீங்கள் நலமா என்று கேட்டது அதே அங்கிளின் குரல். அழுதுவிட்டேன். பிறகு என்னையே கேட்டேன்: மடவளையைச் சுற்றியுள்ள கிராமங்களில், அந்த இரவில் நான் அழைக்கக்கூடிய ஒரு சிங்களச் சிநேகிதியின் இலக்கம் என்னிடம் இருக்கிறதா? இருக்கவில்லை. அந்தக் குறை என்னுடையதுதான். இருபது வருடமாக வைத்தியம் பார்க்கிறேன்; நோயாளிகளை அறிவேன், அயலாரை அறியவில்லை.

கொம்பனித்தெருவில் நெருக்கமான வீடுகள் மனிதரைச் சேர்த்துவைத்தன. இங்கே வயலும் வீதியும் நம்மைப் பிரிக்கின்றன. ஆகவே நாமாகத்தான் நடந்துபோக வேண்டும்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டு ஆண்டில், அயல் சிங்கள, தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளையும் அழைத்து இங்கே முதலுதவி வகுப்பொன்றை நடத்துவோம். கட்டுப்போடப் பழக ஒருவர் கையை மற்றவர் பிடித்துத்தானே ஆகவேண்டும்! கற்பிக்க நான் வருகிறேன். முடியும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புதிய தொலைபேசி இலக்கத்தோடு வீடு போகட்டும்.