காப்பகத்திலிருந்து ஒரு நாயை ஏற்பதற்கு முன்

(நூலக மண்டபத்தில் நடைபெற்ற தமிழ்க் குடியிருப்பாளர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து நாயை அழைத்துவர விரும்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதலில் வியப்பையும் பின்னர் மனத்தாங்கலையும் தருவது ஒன்றுண்டு. அது காப்பகத்தார் கேட்கும் கேள்விகள். வீட்டில் எத்தனை பேர்? பிள்ளைகளின் வயது என்ன? பகலில் வீட்டில் இருப்பவர் யார்? தோட்ட வேலியின் உயரம் எவ்வளவு? வீடு சொந்தமா, வாடகையா? விசா நேர்காணலிலும் புகலிட விசாரணையிலும் பதில் சொல்லிக் களைத்த தலைமுறைக்கு, ஒரு நாய்க்காகவுமா விசாரணை என்ற எண்ணம் எழுவது இயல்பே. அக்கேள்விகள் எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், காப்பகத்து நாய் அங்கு வந்து சேரும் வழியை அறிந்துகொள்வது நன்று. இங்கிலாந்தில் உரிமையாளரின்றித் தெருவில் திரியும் நாய்களைக் கையாளும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றத்துக்கு உரியது. 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிடிக்கப்பட்ட நாய் ஏழு நாள்கள் உரிமையாளருக்காகக் காத்து வைக்கப்படும். அவர் வந்து செலவுகளைச் செலுத்தி மீட்காவிடில், அதனை நன்கு பராமரிக்கக்கூடிய ஒருவருக்கோ காப்பகம் ஒன்றுக்கோ மன்றம் கையளிக்கலாம். வலியின்றி உயிர் நீக்கும் வழியையும் அதே சட்டம் அனுமதிக்கிறது. காப்பகங்களில் ஓர் இடம் காலியாவது எவ்வளவு முக்கியமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

தெருவிலிருந்து வருவன மட்டுமன்று. உரிமையாளரின் மரணம், மணமுறிவு, வேலையிழப்பு, புதிய வாடகை வீட்டில் அனுமதியின்மை ஆகிய காரணங்களாலும் நாய்கள் ஒப்படைக்கப்படுகின்றன. ஆகவே காப்பகத்து நாய் என்றால் குற்றமுள்ள நாய் என்று கொள்வது தவறு. 1860ஆம் ஆண்டில் மேரி டீல்பி என்ற பெண்மணி வடலண்டனின் ஹொலவேயில் தொடங்கிய இல்லமே, 1871இல் இடம்பெயர்ந்து, இன்று பற்றர்சி என்னும் பெயரால் அறியப்படும் காப்பகமாக விளங்குகிறது. கைவிடப்பட்ட நாய்க்கு மீண்டும் ஒரு வீடு கிடைக்கலாம் என்ற எண்ணம் இந்நகரில் அவ்வளவு பழமையானது.

இனி ஒரு குடும்பத்தின் அனுபவம். தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், இவர்களோடு அம்மம்மா. மகள் ஈராண்டுகளாக நாய் கேட்டு வந்தாள். ஒரு சனிக்கிழமை காப்பகத்துக்குச் சென்ற குடும்பம், கம்பிக் கதவில் பாய்ந்து கைகளை நக்கிய இளம் நாய் ஒன்றைத் தெரிந்தெடுத்தது. காப்பகத்தார் மறுத்துவிட்டனர். அந்நாய் சிறு பிள்ளைகளோடு வாழ்ந்து பழகாதது. நெடுநேரம் தனித்திருந்தால் பதற்றமுற்றுக் கதவுகளைக் கீறுவது. தந்தைக்குச் சினம் வந்தது. வீடு இருக்கிறது, கட்டணம் செலுத்தவும் ஆயத்தம், பின் ஏன் தடை என்று அவர் வாதிட்டார். பகலில் அம்மம்மா வீட்டில்தானே இருக்கிறார் என்றும் சொன்னார்.

அப்போது காப்பக அலுவலர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அவர் என்ன சொல்கிறார்?"

அவரை எவரும் கேட்டிருக்கவில்லை. அன்று மாலை மகள் கேட்டபோது அம்மம்மா முதலில், "பிள்ளை ஆசைப்படுறாய், நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். பிறகே உண்மை வெளிவந்தது. அவர் சிறுமியாக இருந்தபோது ஊரில் விசர்நாய் கடித்து அயலவர் ஒருவர் இறந்தார். அந்த வீட்டின் ஓலம் அவர் காதில் இன்னும் இருந்தது. பேத்தியின் ஆசைக்காக அச்சத்தை அடக்கிக்கொண்டு, நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் ஒரு நாயோடு தனித்திருக்க அவர் ஒப்புக்கொள்ள இருந்தார்.

மூத்தோரின் இவ்வச்சம் மூடநம்பிக்கையன்று. விசர்நோய் இலங்கையிலும் இந்தியாவிலும் பல உயிர்களைப் பறித்த நோய். பிரித்தானியாவிலோ இன்று நாய்களிடையே இந்நோய் இல்லை. சில வௌவால் இனங்களில் மட்டுமே அதனையொத்த கிருமி காணப்படுகிறது. ஆயினும் தகவலால் மட்டும் அச்சம் அகலாது. அம்மம்மாவையும் அழைத்துக்கொண்டு குடும்பம் மும்முறை காப்பகம் சென்றது. மூன்றாம் முறை, ஓட்டப்பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் பெண் நாய் ஒன்று அவருக்குச் சற்றுத் தொலைவில் படுத்துத் தூங்கிவிட்டது. "இது என்னைப் பார்க்கக்கூட இல்லை" என்று அவர் நிம்மதியோடு சொன்னார். அந்த நாயே வீட்டுக்கு வந்தது.

இங்கே சட்டம் பற்றிச் சில சொற்கள். சொத்துரிமைச் சட்டத்தின் பார்வையில் நாய் ஓர் உடைமை. ஆனால் நாற்காலிக்கு இல்லாத உரித்து ஒன்று நாய்க்கு உண்டு. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், விலங்குக்குப் பொறுப்பானவர் அதன் ஐந்து தேவைகளை நிறைவேற்ற வேண்டும் என்று பணிக்கிறது: தகுந்த இருப்பிடம், தகுந்த உணவு, இயல்பான நடத்தைக்கு இடம், பிற விலங்குகளோடு சேர்ந்தோ பிரிந்தோ வாழும் தேவை, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பு. கேடு நேர்ந்த பின் தண்டிப்பது மட்டுமன்றி, கேடு நேராமல் காக்கும் கடமையையும் இச்சட்டம் விதிக்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நாய்க்குச் சட்டப்படி பொறுப்பாளர் அப்பிள்ளையைப் பராமரிக்கும் பெரியவரே. "அது பிள்ளையின் நாய்" என்பது நீதிமன்றத்தில் செல்லாத விடை. காப்பகத்தாரின் கேள்விகளை இந்த ஐந்து தேவைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்பதை எளிதில் உணர்வார்.

நாள்தோறும் நினைவில் இருக்கவேண்டிய விதிகள் வேறு சில. 2016 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம். காப்பக நாய்க்கு அது பெரும்பாலும் முன்னரே பொருத்தப்பட்டிருக்கும். எனினும் பதிவில் புதிய பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் மாற்றப்பட்டிருப்பதை உறுதிசெய்வது குடும்பத்தின் வேலை. வீடு மாறும்போதும் அவ்வாறே. திருத்துமாறு அறிவித்தல் வழங்கப்பட்ட பின்னும் 21 நாள்களுக்குள் திருத்தாவிடில் 500 பவுண் வரை அபராதம் விதிக்கப்படலாம். பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டியில் பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். மைக்ரோசிப் இருப்பது இதற்கு மாற்றாகாது. நாய் பிறரை அச்சுறுத்தும் வகையில் கட்டுப்பாடிழந்தால் அது குற்றம். 2014 முதல் அவ்விதி வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் பொருந்துகிறது. வாடகை வீட்டில் வாழ்வோர், மன்றத்தின் வீடாயினும் தனியார் வீடாயினும், குடியிருப்பு ஒப்பந்தத்தை வாசித்து அனுமதியை எழுத்தில் பெற்ற பின்னரே காப்பகத்துக்குச் செல்லல் வேண்டும்.

காப்பகக் கட்டணத்தோடு செலவு முடிந்துவிடுவதில்லை. அக்கட்டணத்தில் தடுப்பூசி, கருத்தடை போன்றவை பெரும்பாலும் அடங்கும். அதன்பின் வரும் மருத்துவச் செலவை தேசிய சுகாதார சேவை ஏற்காது. கால்நடை மருத்துவரின் கட்டணம் முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். காப்புறுதி எடுப்போர், நாய்க்கு முன்னரே இருந்த நோய்களைப் பல காப்புறுதிகள் உள்ளடக்குவதில்லை என்பதை ஒப்பமிடுமுன் கவனித்தல் வேண்டும். அரச உதவிக் கொடுப்பனவு பெறுவோரில் தகுதியுடையோருக்கு பீ.டி.எஸ்.ஏ. என்னும் அறநிறுவனம் குறைந்த செலவிலோ இலவசமாகவோ சிகிச்சை வழங்குகிறது.

வீட்டுக்கு வந்த கிரேஹவுண்ட் முதல் இரு நாள்கள் உண்ணவில்லை. மாடிப்படியில் ஏறத் தெரியவில்லை. சலவை இயந்திரம் ஓடியபோது நடுங்கியது. ஓட்டப்பந்தயக் கொட்டிலில் வளர்ந்த நாய் வீடு என்ற ஒன்றையே அறிந்திராது. புதிய நாய் பதற்றம் தணிய மூன்று நாள்கள், வீட்டின் ஒழுங்கைப் பழக மூன்று வாரங்கள், இது தன் வீடு என்று உணர மூன்று மாதங்கள் என்று காப்பகத்தார் பொதுவாகக் கூறுவர். அது கணக்கன்று, பொறுமைக்கான ஓர் அளவு. அந்நாள்களில் உறவினரை அழைத்து நாயைக் காட்டுவதும், பிள்ளைகள் மாறி மாறித் தடவுவதும் அன்பின் பெயரால் செய்யப்படும் துன்பங்கள்.

சமையலறையும் கவனத்துக்குரியது. மிஞ்சிய சோற்றில் குழம்பு ஊற்றி வைப்பது ஊர் வழக்கம். குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் செங்கலங்களைச் சிதைக்கும். பாயசத்திலும் கேசரியிலும் இடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கக் கூடியது. சொக்கலேற்றும், சீனியற்ற சுவிங்கத்தில் உள்ள சைலிற்றோல் என்னும் இனிப்பூட்டியும் நஞ்சாகும். சமைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம். இவற்றில் எதையேனும் நாய் உண்டுவிட்டால், நோய்க்குறி தோன்றும் வரை காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தல் வேண்டும்.

ஆறாம் வாரத்தில் இடர் நேர்ந்தது. நடைவழியில் தூங்கிக்கொண்டிருந்த நாயை மகன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். நாய் திடுக்கிட்டு எழுந்து, உறுமி, அவன் முகத்தருகே வெறுங்காற்றைக் கடித்தது. பல் படவில்லை. ஆனால் வீடு முழுவதும் நடுங்கிப்போனது. மறுநாளே திருப்பி ஒப்படைப்பது என்று தந்தை முடிவு செய்து காப்பகத்தை அழைத்தார். அவர்கள் தடுக்கவுமில்லை, குறைகூறவுமில்லை. நாயைத் திரும்பப் பெற எப்போதும் ஆயத்தம் என்று கூறிவிட்டு, மீண்டும் கேள்விகளே கேட்டனர். நாய் எங்கே படுத்திருந்தது? தூங்கிக்கொண்டிருந்ததா? பெரியவர் எவரேனும் அருகில் இருந்தனரா?

பதில் சொல்லச் சொல்லத் தந்தைக்கே செய்தி விளங்கியது. தூக்கத்தில் தொட்டால் திடுக்கிடுவது கிரேஹவுண்ட் நாய்களிடம் அடிக்கடி காணப்படும் இயல்பு. நாயின் படுக்கை, பிள்ளைகள் ஓடித்திரியும் வழியில் இருந்தது. உறுமல் எச்சரிக்கை, அதற்காக அடித்தால் நாய் உறுமுவதை நிறுத்திவிட்டு அடுத்த முறை முன்னறிவிப்பின்றிக் கடிக்கக் கூடும். படுக்கை மூலைக்கு மாற்றப்பட்டு, முன்னே சிறு தடுப்புக் கதவு போடப்பட்டது. தூங்கும் நாயைத் தொடாது, தொலைவிலிருந்து பெயர் சொல்லி அழைத்து, அது எழுந்து வரும் வரை காத்திருக்க மகன் பழகினான். பெரியவர் கண்காணிப்பின்றி நாயையும் சிறுபிள்ளையையும் தனியே விடுவதில்லை என்பது வீட்டு விதியாயிற்று. நாய் திருப்பி அனுப்பப்படவில்லை.

எல்லாக் குடும்பங்களிலும் முடிவு இவ்வாறு அமையாது. இயலாதபோது நாயைக் காப்பகத்திடமே திரும்ப ஒப்படைப்பது இழிவன்று. காப்பக ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதையே கோருகின்றன. இணையத்தில் விளம்பரம் செய்து அறியாதவரிடம் கைமாற்றுவதும், தெருவில் விட்டுவிடுவதும்தான் தவறு. நாயைக் கைவிட்டுத் துன்பத்துக்கு உள்ளாக்குவோர் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தண்டனைக்கு உரியவராகலாம்.

இறுதியாக, வரவிருக்கும் பண்டிகைக் காலம் பற்றி ஒரு வேண்டுகோள். இங்கிலாந்தில் வழக்கமாக இரவு 11 மணிக்குப் பின் வாணவேடிக்கைக்குத் தடையுண்டு. நவம்பர் 5ஆம் நாள் நள்ளிரவு வரையும், தீபாவளி இரவில் ஒரு மணி வரையும் விலக்கு உண்டு. வெடியொலிக்கு அஞ்சி வேலி தாண்டி ஓடும் நாய், தன்னை அண்மையில் ஏற்ற வீட்டின் வழியை அறியாது. அவ்விரவுகளில் இருட்டுமுன் நாயை நடத்தி அழைத்து வந்து, கதவுகளையும் சாளரங்களையும் மூடி, திரைச்சீலை இழுத்து, மறைந்துகொள்ள ஓர் இடம் அமைத்துக் கொடுத்தல் வேண்டும். விருந்தினர் வந்துபோகும்போது வாசற்கதவை ஒருவர் கவனித்துக்கொள்ளட்டும்.

அந்த அம்மம்மா இன்றும் நாயைத் தொடுவதில்லை. ஆனால் பிற்பகலில் அவர் தமிழில் பேசப் பேச, அது அறையின் மறுகோடியில் படுத்துக் காதுகளை அசைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவ்வளவு தொலைவு இருவருக்கும் போதுமானதாக இருக்கிறது.

காப்பகத்துக்குச் செல்லுமுன், அங்கு கேட்கப்படும் கேள்விகளை வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும், குறிப்பாக மறுப்புச் சொல்லத் தயங்கும் மூத்தோரிடம், முதலில் கேளுங்கள். காணாமற்போன அல்லது தெருவில் கண்டெடுத்த நாய் குறித்து மன்றத்தைத் தொடர்புகொள்வோர் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் உதவியைக் கோரலாம்.