ஊசியை அளந்து பையைப் பின்னுங்கள்

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் கைவேலை வகுப்பு தொடங்கிய அன்று பேசியது. செய்திமடலுக்காகச் சற்றே சுருக்கியிருக்கிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, அடுப்பு வேலையை விட்டுவிட்டு இத்தனை பேர் வந்ததே பெரிது. அண்ணன்மார் நாலு பேரும் வந்திருக்கிறீர்கள், சந்தோஷம்.

பாதியில் நிற்கும் கைவேலை நம் எல்லோர் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். சோபாவுக்கு அடியில் நூல்கண்டு, டிவி மேல் ஊசி, பேரன் கையில் மீதி. அந்த வேலையை ஊசி, நூல், கத்தரி, அளவு நாடாவோடு ஒரே இடத்தில் வைக்கத்தான் கைவேலைப் பை. கடைக்குப் போக மஞ்சப்பை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்த பிறகு வீட்டுக்கு நாலைந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அதில் நூலைப் போட்டால் கண்டு உருண்டு, ஊசி துணியைக் குத்தி வெளியே வந்துவிடும்.

இந்தப் பையை துனிசியன் குரோஷாவில் பின்னப் போகிறோம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். துனிசியா நாட்டோடு இதற்குப் பெரிய சம்பந்தம் ஒன்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் 'ட்ரிகோ', 'ஆப்கன் தையல்' என்று வேறு வேறு பெயரில் இதையே போட்டிருக்கிறார்கள். சாதாரண குரோஷாவில் ஊசியில் ஒன்றிரண்டு கண்ணிதான் நிற்கும். இதில் ஒரு வரிசைக்கான கண்ணி முழுவதும் ஊசியில் ஏறி நிற்கும். அதனால்தான் ஊசி நீளமாக, மறுமுனையில் கண்ணி நழுவாமல் இருக்க ஒரு குமிழோடு வருகிறது.

ஒயர் கூடை பின்னியவர்களுக்கு ஒன்று தெரியும்: அடி நன்றாக அமைந்தால் கூடை நிற்கும். இங்கே அடி என்பது முதல் சங்கிலி வரிசை. அதைத் தளர்வாகப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு சங்கிலியின் பின்புற மேட்டிலும் ஊசியை நுழைத்து ஒரு கண்ணி எடுத்து, ஊசியிலேயே விட்டுக்கொண்டு போக வேண்டும். இது போகிற பாதி. திரும்புகிற பாதியில், நூலைச் சுற்றி முதலில் ஒரே ஒரு கண்ணி வழியாக இழுங்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணி வழியாக. ஊசியில் ஒன்று மிஞ்சும்போது ஒரு வரிசை முடிந்தது. துணியைத் திருப்பவே வேண்டாம், எப்போதும் முன்பக்கமே நம்மைப் பார்த்து இருக்கும்.

அடுத்த வரிசையில் உங்கள் எதிரே நேர்கோடுகள் வரிசையாக, கம்பி வேலி மாதிரி தெரியும். ஓரத்தில் இருக்கும் முதல் கோட்டை விட்டுவிட்டு, அடுத்த கோட்டிலிருந்து வலமிருந்து இடமாக ஊசியை நுழைத்துக் கண்ணி எடுங்கள். இடது ஓரத்தில் வரும் கடைசிக் கோட்டை விட்டுவிடக் கூடாது. அங்கே இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்தால் ஓரம் உறுதியாக நிற்கும். வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள். பை சாய்ந்து போவது எல்லாம் இந்த ஓரக் கண்ணியில்தான் ஆரம்பிக்கிறது.

இந்தத் துணி அடர்த்தியாக வரும், அதிகம் இழுபடாது. பைக்கு அதுதான் வேண்டும். ஆனால் பாய் மாதிரி சுருண்டுகொள்ளும். நூல் சீட்டில் போட்டிருக்கும் ஊசியைவிட ஒன்றிரண்டு அளவு பெரியதாக எடுத்தால் பாதி சுருள் குறையும். முடித்தபின் நனைத்து, குண்டூசி குத்திக் காய வைத்தால் மீதி. பக்கம் தைத்த பிறகு மிச்சமிருப்பதும் அடங்கிவிடும்.

அளவுக்கு வருகிறேன். எல்லோரும் பையைப் பின்னிவிட்டு ஊசியை உள்ளே வைக்கப் பார்ப்பார்கள். குமிழ் வைத்த ஊசி 35 சென்டிமீட்டர்கூட இருக்கும், வாயில் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் முதலில் ஊசியை அளங்கள். கேபிள் வைத்த ஊசி என்றால் கவலை இல்லை, 28 சென்டிமீட்டர் அகலம் போதும். 20 கண்ணியில் ஒரு மாதிரித் துண்டு போட்டு, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி விழுகிறது என்று பாருங்கள். 16 என்றால் 28 சென்டிமீட்டருக்கு 45 கண்ணி. நீளம் 60 வரை பின்னி இரண்டாக மடித்தால் 30 உயரத்தில் பை. அடியில் தையலே வராது.

வாய்க்கு நம் அப்பத்தாக்கள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை. உள்ளே பழைய வேட்டித் துணியில் ஒரு உறை தைத்துவிடுங்கள். துனிசியன் பின்னலின் உட்பக்கம் மேடு மேடாக இருப்பதால் ஊசி நுனி அதில் மாட்டும்.

நூல் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்த ஊர் இது. மில்லில் வேலை பார்த்த குடும்பங்கள் இங்கேயே பல உண்டு. அவர்களுக்கு 'நாற்பதாம் நம்பர்' என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுதான் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நமக்குப் பல இழை முறுக்கிய தடித்த பருத்தி நூல் வேண்டும். டவுன்ஹால் பக்கத்துத் தையல் சாமான் கடைகளில் கேளுங்கள். ஒரே சாய லாட்டில் மொத்தமாக வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் அதே நிறம் கிடைக்காது. திருப்பூர் பனியன் துணியை நாடாவாக வெட்டி வருவதும் நன்றாக இருக்கும், ஆனால் பை கனக்கும்.

இனி, சிலருக்குப் பிடிக்காத பேச்சு. ஆண்டு விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இந்த மாதிரி 60 பை செய்து தர முடியுமா, நூல் செலவைச் சங்கம் ஏற்கும் என்று கேட்டார்கள். "பொழுதுபோக்குத்தானுங்களே அக்கா" என்று ஒரு தம்பி சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கணக்கைப் பார்ப்போம். நான் பின்னிய பைக்கு நூல், உள்துணி, கயிறு எல்லாம் சேர்ந்து 320 ரூபாய். நேரம் 14 மணி. அதை 500 ரூபாய்க்கு விற்றால் கைக்கு நிற்பது 180 ரூபாய், மணிக்கு 13 ரூபாய்கூட இல்லை. 60 பைக்கு 840 மணி நேரம் ஆகும். இந்த வகுப்பில் சேர்ந்திருக்கும் பதினொரு பேரில் இரண்டு பேர் நம் வீடுகளில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு மாலை இரண்டு மணி நேரம் என்பது இன்னொரு வீட்டு வேலையை விட்டுவிட்டு வருவது.

'ஆன்லைனில் இதே பை 250 ரூபாய்' என்றும் சொல்வார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பனியன் பின்ன மெஷின் உண்டு, குரோஷாவுக்குக் கிடையாது. குரோஷா மெஷின் என்று பெயர் வைத்து விற்பது வேறு வகைப் பின்னல். அசல் குரோஷா எங்கே, எந்த விலைக்குக் கிடைத்தாலும் அதை யாரோ ஒருவர் கையால் போட்டிருக்கிறார். ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் நரசாபூர் என்று ஒரு ஊர். மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு, கப்பலேறி வெளிநாடு போனது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1982இல் வந்தது. அவர் காட்டுவது இதுதான்: 'வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே கூலி அடிமட்டத்தில் நின்றுவிட்டது.

இலவசமாகச் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். பிறகு அவை தேவைப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அது அவர்களே விரும்பி எடுத்த வேலை. இங்கே கேட்பது ஆர்டர்.

என் யோசனை இது. மணிக்கு 50 ரூபாய் கூலி வைத்தால் ஒரு பை 1,020 ரூபாய். சிறப்பு விருந்தினர்களுக்கும் பரிசு பெறும் குழந்தைகளுக்கும் 12 பை மட்டும் செய்வோம், 12,240 ரூபாய் ஆகும். மற்ற 48 பேருக்கு மஞ்சப்பை கொடுக்கலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அந்த 12 பையில் யாருக்கு எத்தனை என்பதில் கூலி தேவைப்படுகிறவர்களுக்கு முதலிடம். என் பெயர் அதில் வேண்டாம். அடுத்த செயற்குழுவில் இதை எழுத்தில் கொடுக்கிறேன். ஒப்புக்கொள்வதோ மறுப்பதோ சங்கத்தின் முடிவு, ஆனால் 'நூல் செலவு மட்டும்' என்பதற்கு இந்த வகுப்பின் பெயரில் நான் தலையாட்ட மாட்டேன்.

வகுப்பு புதன், சனி மாலை ஐந்து மணிக்கு, இதே கூடத்தில். முதல் நாளுக்கு வெளிர் நிற நூல் கொண்டு வாருங்கள், கறுப்பு வேண்டாம், கண்ணியே தெரியாது. 6 எம்எம் ஊசி பதினைந்து வாங்கி வைத்திருக்கிறேன், பின்னிப் பார்த்துவிட்டு வேண்டுமென்றால் காசு கொடுத்தால் போதும். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்க.